தொலைவின் சுமை: கடைமடைக் கரையில் கம்பியில்லாத் தொடர்பு வளர்ந்த வரலாறு

காவிரியின் கிளைகளான அரசலாறும் நாட்டாறும் வாஞ்சியாறும் திருமலைராசனாறும் அகலம் சுருங்கி, வேகம் தணிந்து வங்கக் கடலில் கலக்கும் இடத்தில், ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்தது காரைக்கால் பகுதி. 1739-இல் பிரெஞ்சுக்காரர் வசமாகி, இடையிடையே ஆங்கிலேயரிடம் கைமாறி, 1954 நவம்பர் 1 அன்று இந்திய ஆட்சியின் கீழ் வந்து, 1962 ஆகஸ்ட் 16 முதல் சட்டப்படியும் இந்தியாவின் பகுதியான இந்நிலத்தின் தெற்கில், திருமலைராயன்பட்டினம் கொம்யூனில் போலகம் என்னும் ஊர் இருக்கிறது. வழக்கமாக ஜூன் 12-ஆம் நாள் மேட்டூர் அணை திறக்கப்பட்டாலும், அந்த நீர் மேல்மடைகளையெல்லாம் நிறைத்த பிறகே இவ்வூர்களின் வயலுக்கு வரும் என்பதால், வேளாண் வழக்கில் இப்பகுதி ‘கடைமடை’ எனப்படுகிறது. மடைகளின் வரிசையில் கடைசியில் இருப்பவர், தலைமடையில் இருப்பவருக்கு இல்லாத காத்திருப்பையும் செலவையும் ஏற்றாக வேண்டும் என்ற அனுபவம் அச்சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது.

கம்பியில்லாத் தொடர்பின் வரலாற்றிலும் இக்கரை நெடுங்காலம் கடைமடையாகவே இருந்தது. வானொலி அலையை அனுப்பும் கம்பத்துக்கும் அதைப் பெறும் கருவிக்கும் இடையிலுள்ள தொலைவைக் கடக்க, இரு முனைகளில் ஒன்றிலேனும் ஆற்றலையும் பணத்தையும் செலவிட்டாக வேண்டும். அனுப்பும் முனையில் ஆன்டெனாவுக்கு ஊட்டப்படும் மின்திறனை ‘அனுப்புதிறன்’ என்பர். அது வாட் என்னும் அலகில் அளக்கப்படுகிறது. அனுப்புதிறனைக் குறைப்பது எப்படி என்ற கேள்வி பொறியியல் நூல்களில் ஒரு கணக்காகத் தோன்றினாலும், கடைமடையிலிருந்து பார்க்கும்போது, தொலைவின் சுமையை யார் ஏற்பது என்ற கேள்வியாகவே அது இருந்து வந்திருக்கிறது. ஒரே உயர்ந்த கம்பத்திலிருந்து உரக்கப் பேசுவதை விட்டு, பல சிறு ஆன்டெனாக்களை மக்களுக்கு அருகில் நிறுத்தி மெல்லப் பேசும் முறைக்கு உலகம் படிப்படியாக நகர்ந்த கதை, அச்சுமை இடம் மாறிய கதையும் ஆகும்.

ஒரே கம்பம், உரத்த குரல்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்பியில்லாத் தந்தி என்றாலே பெருந்திறன் என்றுதான் பொருள். மார்க்கோனி 1901-இல் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து சைகை அனுப்பியபோது, தொலைவு கூடக்கூடத் திறனையும் கூட்டுவதே வழி என்று பொறியாளர்கள் கருதினர். இந்தியாவில் 1905-இல் பர்மியக் கரையோரத்து டயமண்ட் தீவுக்கும் அந்தமானின் போர்ட் பிளேருக்கும் இடையே கம்பியில்லாத் தந்தி ஏற்பட்டது. 1927-இல் பூனாவுக்கு அருகே கட்கியிலும் தவுண்டிலும் நிறுவப்பட்ட நிலையங்கள், சிற்றலைகளை ஒரு கற்றையாகக் குவித்து இங்கிலாந்தை நோக்கிச் செலுத்தியதன் மூலம், எல்லாத் திசைகளிலும் இறைக்கும் பழைய நெட்டலை நிலையங்களைவிட மிகக் குறைந்த திறனில் அதே வேலையைச் செய்து காட்டின. எவ்வளவு ஆற்றல் புறப்படுகிறது என்பதைவிட எங்கே போய்ச் சேருகிறது என்பதே முக்கியம் என்ற பாடம் அப்போதே கற்பிக்கப்பட்டது. ஆனால் பொதுமக்களுக்கான ஒலிபரப்பில் கேட்பவர் எல்லாத் திசைகளிலும் இருந்ததால், அப்பாடத்துக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை.

தமிழகத்தில் ஒலிபரப்பு சிறிய குரலில்தான் தொடங்கியது. சி. வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் அமைந்த சென்னை மாகாண வானொலிக் கழகம் 1924 ஜூலை 31 அன்று 40 வாட் திறனுள்ள கருவியுடன் ஒலிபரப்பத் தொடங்கியது; அக்குரல் நகரத்தைத் தாண்டி அதிகம் செல்லவில்லை. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16 அன்றும், திருச்சி நிலையம் 1939 மே 16 அன்றும் தொடங்கப்பட்டன. திருச்சியில் நிறுவப்பட்ட மத்திய அலைப் பரப்பியின் திறன் 5 கிலோவாட், அதாவது ஐயாயிரம் வாட். காரைக்கால் கரைக்கும் திருச்சிக்கும் இடையே நேர்கோட்டில் ஏறத்தாழ 125 கிலோமீட்டர் தொலைவு இருப்பதாலும், மத்திய அலை தரையை ஒட்டித் தவழ்ந்து செல்லும் இயல்புடையது என்பதாலும், அது பிரெஞ்சு எல்லைக் காவலைப் பொருட்படுத்தாமல் இக்கரைவரை வந்தது. வந்து சேர்ந்தபோது மெலிந்திருந்த அதைப் பிடிக்க, வானொலிப் பெட்டி வைத்திருந்தோர் கூரைக்கு மேல் இரு மூங்கில்களுக்கிடையே நீண்ட செம்புக் கம்பியைக் கட்ட வேண்டியிருந்தது. ‘ஏரியல்’ என்று வழங்கிய அக்கம்பியோடு, மண்ணுக்குள் இறங்கும் இன்னொரு கம்பியும் தேவைப்பட்டது. நிலையத்துக்கு அருகில் குடியிருந்தவர் ஒரு முழக் கம்பியோடு கேட்டதை, கடைமடையில் இருந்தவர் இவ்வளவு ஏற்பாட்டோடு கேட்டார்.

இச்சுமையைக் குறைக்க அரசு கண்ட வழி, திறனை மேலும் உயர்த்துவதே. திருச்சி நிலையத்தின் மத்திய அலைப் பரப்பி பிற்காலத்தில் 100 கிலோவாட்டாக, அதாவது தொடக்கத் திறனைப் போல இருபது மடங்காக, உயர்ந்தது. மறுபக்கத்தில் சிற்றூர்கள் கண்ட வழி கூட்டுச் செலவாக இருந்தது: பொதுப் பணத்தில் ஒரே ஒரு நல்ல பெட்டி, அதற்கு ஓர் உயர்ந்த ஏரியல், அதிலிருந்து கூம்பு ஒலிபெருக்கிக்குச் செல்லும் ஒரு கம்பி என்று அமைந்த பஞ்சாயத்து வானொலியின் முன்னே மாலைதோறும் ஊர் கூடியது. தொலைவைக் கடக்கும் கடினமான வேலையை ஒரே இடத்தில் நன்றாகச் செய்துவிட்டு, கடைசிச் சில நூறு அடிகளை எளிய கருவியால் கடக்கும் இந்த ஏற்பாட்டுக்குள், பிற்காலத்தில் பெரும் கோட்பாடாக வளரவிருந்த ஒரு கருத்து ஏற்கெனவே இருந்தது.

சமநிலமும் நான்காம் படியும்

தடையற்ற வெளியில் ஓர் அலை பரவும்போது, அதன் வலிமை தொலைவின் இரண்டாம் படிக்கு ஏற்பக் குறைகிறது. தொலைவு இருமடங்கானால் வந்து சேரும் திறன் நான்கில் ஒன்றாகும். ஆனால் டெல்டாவைப் போன்ற சமநிலத்தில் நிலைமை இன்னும் கடுமையானது. மலையோ மேடோ இல்லாத இந்நிலத்தில், ஆன்டெனாவிலிருந்து நேராக வரும் அலையோடு, வயலின் பரப்பில் பட்டுத் தெறித்து வரும் அலையும் பெறும் கருவியை அடைகிறது. மிகச் சாய்ந்த கோணத்தில் தெறிக்கும்போது அலையின் ஏற்ற இறக்கம் தலைகீழாகிவிடுவதால், நேரலையும் தெறித்த அலையும் ஒன்றையொன்று பெரும்பாலும் அழித்துக்கொள்கின்றன. இதன் விளைவாக, குறிப்பிட்ட தொலைவுக்கு அப்பால் வலிமை தொலைவின் நான்காம் படிக்கு ஏற்ப வீழ்கிறது; தொலைவு இருமடங்கானால் பதினாறில் ஒரு பங்கே எஞ்சுகிறது. செல்பேசி அலைகளைக் கணக்கிடும் பொறியாளர்கள் சமதளத்துக்கென வைத்திருக்கும் இச்சூத்திரம், நெல் வயல்களால் ஆன கடற்கரைக்கு நன்கு பொருந்துவது.

இந்நான்காம் படியே அனுப்புதிறன் குறைப்பின் கணக்கு முழுவதற்கும் திறவுகோல். ஒரு பெரிய வட்டத்தை ஒரே ஆன்டெனாவால் நிறைப்பதற்குப் பதில், பாதி ஆரமுள்ள நான்கு சிறு வட்டங்களாகப் பிரித்து நான்கு ஆன்டெனாக்களை நிறுத்துவதாகக் கொண்டால், ஒவ்வொன்றுக்கும் முன்பிருந்த திறனில் பதினாறில் ஒரு பங்கு போதும். நான்கையும் கூட்டினாலும் மொத்தம் முன்பு செலவானதில் கால் பங்கே ஆகிறது. பதினாறு ஆன்டெனாக்களாகப் பிரித்தால் மொத்தச் செலவு பதினாறில் ஒரு பங்காகக் குறையும். இரண்டாம் படி விதி மட்டுமே நிலவும் வெறுவெளியிலோ இப்பிரிவினையால் மொத்தத் திறனில் எந்த மிச்சமும் இல்லை. நான்கு ஆன்டெனாக்களும் கால் கால் பங்கு எடுத்துக்கொண்டு பழைய கணக்குக்கே வந்து சேரும். நிலம் எவ்வளவுக்கு அலையை விழுங்குகிறதோ, அவ்வளவுக்குப் பரவலான ஆன்டெனாக்களால் ஆதாயம் உண்டு என்பதே இதன் பொருள். இதோடு இன்னொரு நன்மையும் சேருகிறது: ஒரே கோபுரத்தை நம்பியிருப்பவரை ஒரு கட்டடமோ தென்னந்தோப்போ மறைத்துவிட்டால் அவருக்கு வேறு வழியில்லை, பல திசைகளில் ஆன்டெனாக்கள் இருந்தால் ஒன்று மறைந்தாலும் மற்றொன்று தெரியும் என்பதால், மறைவை ஈடுகட்டவென்று முன்கூட்டியே ஒதுக்கிவைக்கும் கூடுதல் திறனும் தேவையற்றதாகிறது.

கூரைக் குழாய்களும் நூறு வாட் பரப்பிகளும்

அதே சூத்திரம், பெறும் ஆன்டெனாவை இருமடங்கு உயரத்தில் வைத்தால் நான்கு மடங்கு திறன் கிடைக்கும் என்றும் சொல்கிறது. சூத்திரத்தை அறியாமலேயே 1980-களில் இக்கரையின் வீடுகள் அதைச் செயல்படுத்தின. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கப்பட்டிருந்தாலும், ஏறத்தாழ 240 கிலோமீட்டர் தொலைவிலிருந்த காரைக்கால் அதன் எல்லைக்கு வெளியே கிடந்தது. ஏனெனில் 30 மீட்டர் உயரத்திலிருந்து நோக்கினால் அடிவானம் 20 கிலோமீட்டரில் முடிந்துவிடுகிறது, பல மடங்கு உயர்ந்த கோபுரத்துக்கும் அந்த எல்லை அதே விகிதத்தில் விரிவதில்லை. 1982-இல் இலங்கையில் ரூபவாகினி தொலைக்காட்சி தொடங்கியபோது, கடலின் மேலுள்ள ஈரக் காற்றடுக்குகள் அலையை வளைத்துக் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்த மாலைகளில், சோழமண்டலக் கரையோரத்துக் கூரைகளில் உயர்ந்த இரும்புக் குழாய்களும் அவற்றின் உச்சியில் பல விரல் ஆன்டெனாக்களும், சிக்னலைப் பெருக்கும் ‘பூஸ்டர்’ பெட்டிகளும் எழுந்தன. அனுப்பியவர் இக்கரையை எண்ணி ஒரு வாட்கூடச் செலவிடவில்லை. தொலைவின் விலை முழுவதையும் பார்த்தவரே கொடுத்தார்.

அதன் பிறகு தூர்தர்ஷன் மேற்கொண்ட விரிவாக்கம், இந்திய அளவில் பரவல் முறையின் முதல் பெரும் சோதனை எனலாம். 1983 ஆகஸ்ட் 30 அன்று ஏவப்பட்ட இன்சாட்-1பி செயற்கைக்கோள் வழியே நிகழ்ச்சியை நாடெங்கும் கொண்டுசென்று, ஒவ்வொரு வட்டாரத்திலும் 100 வாட் மட்டுமே திறனுள்ள சிறு பரப்பிகளால் அதை மறுஒளிபரப்புவதற்கு 1984-ஐ ஒட்டிய ஆண்டுகளில் விரைவான திட்டம் நிறைவேற்றப்பட்டது. தொலைவு முழுவதும் விண்ணிலிருந்து வந்த ஒரு கற்றையால் கடக்கப்பட, தரையில் எஞ்சிய சில கிலோமீட்டருக்கு ஒரு மேசை விளக்கின் அளவைவிடச் சற்றே கூடிய திறன் போதுமாயிற்று. அதே சிந்தனை ஒலிபரப்பிலும் தொடர்ந்து, காரைக்காலுக்கென்று 100.3 மெகாஹெர்ட்ஸில் ஒரு பண்பலை நிலையம் வந்தது. சுனாமிக்குப் பிந்தைய ஆண்டுகளில், அண்டையிலுள்ள நாகப்பட்டினம் மாவட்டத்தின் விழுந்தமாவடியில் தானம் அறக்கட்டளையின் களஞ்சியம் சமுதாய வானொலி அமைந்தது. இந்திய விதிகளின்படி சமுதாய வானொலிகளின் வீசுதிறன் பொதுவாக 100 வாட்டைத் தாண்டலாகாது. ஐயாயிரம் வாட் திருச்சியிலிருந்து செய்ததை நூறு வாட் அருகிலிருந்து செய்தது. அதுவும் உள்ளூர் மீனவரின் பேச்சிலேயே செய்தது.

ஊரை நெருங்கிய தொலைபேசி

தொலைபேசியில் இந்நெருக்கம் தாமதமாக வந்தது. 1980-களிலும் 1990-களிலும் சிற்றூர்களின் பொதுத் தொலைபேசிகளுக்காக நிறுவப்பட்ட பல்முனை ஊரக வானொலி அமைப்பில், ஒரு நிலையத்தின் உயர்ந்த கோபுரம் சுற்றியுள்ள பல ஊர்களுக்குச் சில தடங்களைப் பங்கிட்டது. நெடுந்தொலைவும் பழுதும் அடிக்கடி அழைப்புகளை முறித்ததால் அவ்வமைப்பு பின்னாளில் கைவிடப்பட்டது. சென்னை ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலா தலைமையிலான டெனெட் குழு, மைடாஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 1990-களில் உருவாக்கிய ‘கார்டெக்ட்’ அமைப்பு இதற்கு நேர் எதிரான வழியை எடுத்தது. தொலைபேசி நிலையத்திலிருந்து செம்புக் கம்பிகள் வழியே பல சிறு அடிநிலையங்களுக்குப் பேச்சும் மின்சாரமும் சேர்ந்தே சென்றன. அவ்வடிநிலையம் கட்டடத்தின் கூரையிலோ கம்பத்திலோ அமர்ந்துகொண்டு, பார்வைத் தடையில்லாத இடத்தில் 10 கிலோமீட்டர்வரை வீடுகளுடன் பேசியது. அது பின்பற்றிய டெக்ட் தரத்தில் உச்சத் திறன் 250 மில்லிவாட், அதாவது கால் வாட். ஒரு பேச்சுத் தடம் காலத்தின் இருபத்து நான்கில் ஒரு பங்கில் மட்டுமே அலை அனுப்புவதால், சராசரித் திறன் ஏறத்தாழ 10 மில்லிவாட்டில் நின்றது. கட்டுப்படுத்தும் அறிவு நடுவில், ஆன்டெனாக்கள் ஊர்களில், இடையே கம்பி என்ற அமைப்பு தமிழ்நாட்டின் ஆய்வுக்கூடத்திலிருந்தே ஊரகத் தேவைக்காகப் பிறந்தது என்பதை இவ்வரலாறு மறக்கலாகாது.

புதுச்சேரிப் பகுதியில் எம். எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் 1998-இல் தொடங்கிய தகவல் கிராமத் திட்டமும் இத்தடத்திலேயே சென்றது. வில்லியனூரை மையமாகக் கொண்டு, நம்பகமான தொலைபேசி இணைப்பில்லாத ஊர்களுக்கு வி.எச்.எஃப். வானொலிக் கருவிகள் வழியே தகவல்கள் அனுப்பப்பட்டன. வீராம்பட்டினம் மீனவர்களுக்குக் கடல் அலையின் உயரம் பற்றிய முன்னறிவிப்பு அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்திலிருந்து எடுக்கப்பட்டு, ஊரில் ஒலிபெருக்கியால் சொல்லப்பட்டது. பஞ்சாயத்து வானொலியின் கூம்பு மீண்டும் வேலைக்கு வந்தது. நெடுந்தொலைவை ஒரு வலையமைப்பு கடக்க, கடைசி அடிகளை ஊரின் சொந்தக் குரல் கடந்தது.

சிறு வட்டங்களும் பரவிய ஆன்டெனாக்களும்

செல்பேசியின் அடிப்படைக் கருத்து, நிலத்தைச் ‘செல்’ எனப்படும் சிறு வட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலையம் வைப்பது; அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டி. எச். ரிங் 1947-இல் அதை எழுதிவைத்தார். அலைவரிசையை மறுபடியும் மறுபடியும் பயன்படுத்துவதே அதன் நோக்கமாயினும், குறைந்த திறன் அதன் இயல்பான துணைப் பயனாக அமைந்தது. அதே ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த சாலே, ருஸ்டாக்கோ, ரோமன் ஆகியோர் 1987-இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு கட்டடத்துக்குள் ஒரே நிலையத்தின் சிக்னலைக் கம்பி வழியே பல ஆன்டெனாக்களுக்குப் பிரித்துக் கொடுத்தால், தேவையான திறன் குறைவதையும், சுவர்களில் பட்டு வரும் தாமதமான எதிரொலிகளின் தொல்லை தணிவதையும் காட்டியது. ‘பரவல் ஆன்டெனா அமைப்பு’ என்று பெயர் பெற்ற இம்முறையில் ‘செல்’ என்பதும் ஆன்டெனா என்பதும் ஒன்றல்ல: பல ஆன்டெனாக்கள் சேர்ந்து ஒரே நிலையமாக நடப்பதால், ஒன்றின் அருகிலிருந்து மற்றொன்றின் அருகுக்கு நகர்பவர் நிலையம் மாற வேண்டியதில்லை.

இந்தியாவில் முதல் செல்பேசி அழைப்பு 1995 ஜூலை 31 அன்று கொல்கத்தாவிலிருந்து ஜோதிபாசு பேசியதாகும். காரைக்கால் தமிழ்நாடு தொலைத்தொடர்பு வட்டத்துக்குள் வைக்கப்பட்டதால், ஆட்சியில் புதுச்சேரியோடும் அலையில் தமிழ்நாட்டோடும் இணைந்தது. தொடக்க காலக் கோபுரங்களில் மின்பெருக்கி தரையிலுள்ள அறையில் இருக்க, உச்சியிலுள்ள ஆன்டெனாவுக்கு ஏறும் தடித்த கம்பியிலேயே திறனில் பாதியளவு வெப்பமாக வீணாவது வழக்கம். பின்னர் மின்பெருக்கியை ஆன்டெனாவின் அருகிலேயே மேலேற்றி, கீழிருந்து ஒளியிழை வழியே தகவலை மட்டும் அனுப்பும் முறை வந்தபோது, அந்த இழப்பு நீங்கியதோடு, ஆன்டெனாவை வெகு தொலைவிலும் வைக்கலாம் என்ற விடுதலையும் கிடைத்தது. ஒரு பகுதியிலுள்ள ஆன்டெனாக்கள் அனைத்தும் வட்டங்களின் எல்லையே இல்லாமல் ஒவ்வொரு பயனருக்கும் சேர்ந்து பணிபுரியும் ‘செல்லற்ற’ வலையமைப்புக் கோட்பாடு 2010-களின் நடுவில் உருவானது. 2022 அக்டோபர் 1 அன்று நாட்டில் ஐந்தாம் தலைமுறைச் சேவை தொடங்குமுன்பே, சென்னை ஐஐடியின் தலைமையில் எட்டு நிறுவனங்கள் அமைத்த அதற்கான சோதனைக் களம் அவ்வாண்டு மே 17 அன்று திறக்கப்பட்டிருந்தது.

சட்டமும் இத்திசையிலேயே தள்ளியது. 2012 செப்டம்பர் 1 முதல், மக்கள் நடமாடும் இடங்களில் செல்பேசிக் கோபுரங்களின் அலைச்செறிவு பன்னாட்டுப் பரிந்துரையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று இந்திய அரசு விதித்தது. 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு அது ஒரு சதுர மீட்டருக்கு 0.45 வாட். ஆனால் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போவதற்கும் ஓர் எல்லை உண்டு. ஒவ்வொரு ஆன்டெனாவுக்கும் பின்னால் உள்ள மின்னணுச் சுற்றுகள், அலை அனுப்பாத நேரத்திலும் மின்சாரம் உண்கின்றன. அவற்றுக்கு மின்னிணைப்பும் ஒளியிழையும் கம்பமும் பராமரிப்பும் தேவை. அனுப்புதிறனில் மிச்சமாவது சுற்றுகளின் தீனியாகிவிடாதபடி, எத்தனை ஆன்டெனாக்கள், எவை எப்போது உறங்க வேண்டும் என்று கணக்கிடுவதே இன்றைய ஆய்வின் நடுப்பொருள். எல்லா வேலைக்கும் மெல்லிய குரல் போதும் என்பதுமில்லை: புயலைத் தேடும் காரைக்கால் வானிலை ரேடார், மேகத்தில் பட்டுத் திரும்பும் மெல்லிய எதிரொலிக்காக மிகப் பெரும் உச்சத் திறனில் அலையை எறிந்தே ஆக வேண்டும்.

கைபேசி கொடுக்கும் விலை

அனுப்புதிறன் என்றால் கோபுரத்தின் திறன் என்றே பொதுவில் எண்ணப்படுகிறது. ஆனால் பேச்சு இருவழிப்பட்டது. ஜிஎஸ்எம் முறையில் 900 மெகாஹெர்ட்ஸ் கைபேசி 2 வாட்வரை அனுப்ப வல்லது. நிலையம் அருகில் இருந்தால், வலையமைப்பின் கட்டளைப்படி அதைப் படிப்படியாகக் குறைத்து ஏறத்தாழ 3 மில்லிவாட்வரை இறங்குகிறது. இவ்விரண்டுக்கும் இடையே அறுநூறு மடங்குக்கு மேல் வேறுபாடு உண்டு. வட்டத்தின் விளிம்பில் குடியிருப்பவரின் கைபேசி எப்போதும் உரக்கக் கத்துகிறது. அதன் மின்கலம் விரைவில் தீர்கிறது. கோபுரம் வேண்டாம் என்று தொலைவில் தள்ளிவைக்கும் ஊரில், காதருகே வைத்த கருவியின் அலை கூடவே செய்கிறது. ஏரியலும் இரும்புக் குழாயும் பூஸ்டரும் போய்விட்டாலும், கடைமடைக்காரர் தொலைவின் விலையை இப்போது கைபேசியின் மின்கலத்திலிருந்து கொடுக்கிறார்.

2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்து டெல்டாவின் மின்கம்பங்களைப் பெருமளவில் சாய்த்தபோது, கோபுரங்களும் கைபேசிகளும் ஒருசேர மின்கலத்தை நம்பி நின்றன. அத்தகைய நாள்களில் ஒரு வாட் மிச்சம் என்பது ஓர் அழைப்பு மிச்சம். ஆகவே போலகம் போன்ற ஊருக்கு ஆன்டெனாவை அருகில் கொண்டுவருவதென்றால், அதன் பின்னால் வரும் ஒளியிழையைச் சாயும் கம்பத்தில் தொங்கவிடாமல் மண்ணுக்கடியில் புதைப்பதும், அச்சிறு நிலையத்தின் மின்கலத்தைப் புயலின் நாள்கணக்கில் அளந்து வைப்பதும் அதே வேலையின் பகுதிகள். வாய்க்காலைக் கடைசி வயல்வரை தூர்வாராமல் மேட்டூரில் எத்தனை மதகுகளைத் திறந்தாலும் கடைமடை நிறையாது என்பது இக்கரை உழவர் நெடுங்காலமாக அறிந்தது; கம்பியில்லாத் தொடர்பின் நூற்றாண்டு வரலாறும் அதே முறையைத்தான் வாட் கணக்கில் எழுதிவைத்திருக்கிறது.